முதல் குவளைக்கு மிளகளவு

காசியில் எங்கள் சந்தில் பாங் கடை சிவமூரத் சாவ் ஒரு கஞ்சன் என்று சொல்லாத வாய் கிடையாது. கடையில் விற்கிற தண்டாய்ப் பாலில் பாதாமைக் குறைக்கிற கஞ்சன் அல்ல. பாதாம், கசகசா, வெள்ளரி விதை, சோம்பு, ரோஜா இதழ் எல்லாம் தாராளமாகத்தான் அம்மியில் விழும். பாலில் ஏடு விரல் கனத்துக்கு மிதக்கும். அதில் கரைக்கிற பாங்கில், கஞ்சா இலை அரைத்த விழுதில்தான் கை சுருங்கும். அதுவும் பழகிய ஆட்களுக்கு இல்லை. ஜட்டாசங்கர் திவாரி எத்தனையோ வருஷமாகச் சாயங்காலமானால் இலந்தைப் பழம் அளவுக்கு ஒரு உருண்டையைக் கரைத்துக் குடித்துவிட்டுப் படித்துறையில் போய் உட்காருகிறவர். அவருக்கு இலந்தைப் பழம்தான், அதில் குறையாது. "முதல் தடவை" என்று சொல்லிக்கொண்டு வருகிறவனுக்கு மட்டும் மிளகளவு. தலைகீழாக நின்றாலும் மிளகளவு.

போன மாசம் லக்னோவிலிருந்து ஒரு கல்யாண கோஷ்டி வந்தது. நாலைந்து இளவட்டங்கள், கூலிங் கிளாஸ், செண்ட் வாசனை. உருண்டையைப் பார்த்ததும் ஒருவன் சிரித்தான்.

"என்ன சாச்சா இது, எறும்புக்கு வச்ச பிண்டமா?"

"சாப்பிட்டீங்களா?" என்றார் சிவமூரத் சாவ்.

"பூரி, சப்ஜி."

"பியர் கியர் குடிச்சிருந்தா இப்பவே போயிடுங்க. யாருக்காவது நெஞ்சு வலி, பிரஷர் மாத்திரை உண்டா? இல்லையே? குடிச்சிட்டு அந்தப் பலகைல உட்காருங்க. படகுல ஏறாதீங்க, வண்டி எடுக்காதீங்க, யாரும் தனியா எங்கயும் போகாதீங்க. மேல இனிப்பு திங்க வேண்டாம். ஒரு மணி நேரத்துக்கு ஒண்ணும் தெரியாது. அப்போதான் எல்லாரும் ஏறலை, இன்னொண்ணு குடுன்னு வந்து நிப்பாங்க. வராதீங்க. ரெண்டு மணி நேரம் ஆகியும் ஒண்ணும் இல்லைன்னா போய்த் தூங்குங்க. நாளைக்கு வாங்க."

"நாளைக்கு எங்களுக்கு ரயிலு."

"அப்போ அடுத்த ஜென்மத்துல வாங்க. காசி எங்க போயிடப் போகுது?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. ஸ்டேஷனில் வண்டி தாமதம் என்று ஒலிபெருக்கியில் ஒரு குரல் சொல்லுமே, அந்தக் குரலில்தான் இத்தனையும் சொன்னார். அவர்கள் குடித்தார்கள், உட்கார்ந்தார்கள், திட்டினார்கள், பிறகு ஒருவன் தோளில் ஒருவன் சாய்ந்து தெருநாயைப் பார்த்து அரை மணி நேரம் சிரித்துவிட்டு நல்லபடியாக அறைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். நல்லபடியாகப் போய்ச் சேருகிறவர்களைப் பற்றி ஊர் பேசுவதில்லை. கஞ்சன் என்ற பேர்தான் நின்றது.

இந்த மனிதர் முன்பெல்லாம் இப்படி இல்லை. அளவு அப்போதும் இதே அளவுதான். அதில் அவர் என்றைக்கும் மாறியதில்லை. ஆனால் வாய் ஓயாது. அம்மியில் குழவியை உருட்டிக்கொண்டே சந்தில் போகிற வருகிறவர்களை எல்லாம் வம்புக்கு இழுப்பார். நகராட்சிக்காரனிலிருந்து சாமியார்வரை அவர் நாக்கில் அடிபடாதவர்கள் இல்லை. கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்துப் பிறந்த ஒரே பெண் விபா. அவளைக் கடை மேடையில் உட்காரவைத்துக்கொண்டுதான் வியாபாரம். அவள் படித்தாள், பட்டம் வாங்கினாள். தேவ்ரியாவில் மின்சார இலாகாவில் வேலை பார்க்கிற அவ்னீஷுக்குக் கட்டிக் கொடுத்தார்.

அவ்னீஷ் கண்ணாடி போட்ட ஒல்லிப் பையன். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வான், அதையும் தரையைப் பார்த்துக்கொண்டு சொல்வான். அவர்கள் வீட்டில் பாங் என்ன, வெங்காயம்கூடக் கிடையாது. "பசு மாதிரி மாப்பிள்ளை பிடிச்சிருக்கே குரு, நாமதான் கொஞ்சம் காளையாக்கணும்" என்று ஜட்டாசங்கர் கல்யாணப் பந்தலிலேயே சொன்னார்.

கல்யாணத்துக்குப் பிறகு வருகிற முதல் ஹோலிக்கு மாப்பிள்ளை மாமனார் வீட்டில் இருக்க வேண்டும். காலையில் சாயம், மத்தியானம் குளியல், புது ஜிப்பா, அதற்கப்புறம் தண்டாய். வீட்டுப் பெரியவர்கள், வந்து போகிற அக்கம்பக்கத்தார், ஆளுக்கொரு குவளை தங்கள் கையால் கொடுப்பார்கள். நீட்டிய கையை மறுப்பது மரியாதை இல்லை. அதைவிட ஒரு பெரிய மரியாதைக் குறைவும் உண்டு: மாமனார் வீட்டில் மாப்பிள்ளை எத்தனை தின்றான், எத்தனை குடித்தான் என்று எண்ணுவது. எங்கள் பக்கத்தில் அவன் குடிக்கிற தண்ணீரைக்கூட எண்ண மாட்டார்கள்.

அன்றைக்குக் காலையில் சிவமூரத் சாவ் இரண்டு விதமாக அரைத்தார். வீட்டுக்கு வருகிற பழைய கைகளுக்கென்று ஒரு பித்தளைக் குடம் நிறையக் கலக்கினார். அதில் குவளைக்கு ஒரு இலந்தைப் பழம் கணக்கு. ஈரத் துணியால் மூடி வைத்தார். மாப்பிள்ளைக்குத் தனியாக ஒரு மண் குவளை. அதில் மிளகளவு. அதைத் தன் கையால் கொடுத்தார். அவ்னீஷ் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தான்.

இனி வேறு யார் கொடுத்தாலும் வாங்காதீங்க என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. புது மாப்பிள்ளையிடம் அப்படிச் சொல்வது இலையில் உட்கார்ந்தவன் கையைப் பிடித்துக்கொள்வது போல இருக்கும் என்று விழுங்கிவிட்டார். கொடுத்தாயிற்று, போதும் என்று வீட்டு ஆட்களிடமும் சொல்லவில்லை. ஹோலியன்று கடை வாசலில் கூட்டம் மோதும். செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை அவர் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார். ஜட்டாசங்கர் ஒரு குவளை கொடுத்தார். எதிர்வீட்டுக்காரர் ஒன்று. இன்னும் ஒன்றோ இரண்டோ. யார் கை என்று அப்போது யாரும் சொல்லவில்லை. எல்லாம் குடத்திலிருந்து மொண்டது. நடுநடுவே இனிப்புக் கோயாப் பூரணம் வைத்த குஜியாப் பலகாரம். ஒரு மணி நேரம் வரைக்கும் அவ்னீஷுக்கு ஒன்றும் ஆகவில்லை. முதல் தடவையாக நாலு பேர் நடுவில் தலை நிமிர்ந்து, "காசி பாங், காசி பாங்னு சொல்றாங்க, இது வெறும் பாதாம் பாலா இல்ல இருக்கு?" என்றான். வீடே கை தட்டியது.

பிறகு எல்லாம் சேர்ந்து ஏறியது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். கை என்னுடையது இல்லை என்றான். நான் செத்துக்கொண்டிருக்கிறேன் என்றான். முதல் தடவைக்காரன் சாகிறேன் என்றால் எங்கள் ஊரில் சிரிப்பார்கள். அது எங்கள் ஊர்ப் பழக்கம். நாசமாய்ப் போன பழக்கம். யாராவது பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்து, ஒன்றுமில்லை இறங்கிவிடும் என்று நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். காற்று வேண்டும் என்று அவன் மொட்டை மாடிக்கு ஏறினான். கூட யாரும் போகவில்லை. எங்கள் சந்து வீடுகளில் மாடிக் கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்.

தேவ்ரியாக்காரர்கள் வந்தார்கள். அவ்னீஷின் அம்மா சிவமூரத் சாவின் முகத்தைப் பார்த்து, "பாங் விக்கிறவன் கையால என் பிள்ளை போனான்" என்றார். நான் கொடுத்தது மிளகளவு என்று அவர் சொல்லியிருக்கலாம். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் மிளகுக் கணக்கு எப்படிச் சொல்வது? ஜட்டாசங்கர் கூட்டத்துக்குப் பின்னால் தூணோடு தூணாக நின்றிருந்தார். அவரும் சொல்லவில்லை.

விபா மாமியாரோடு போனாள். கணவன் வேலை பார்த்த ஆபீஸிலேயே அவளுக்கு வேலை கொடுத்தார்கள். அம்மாவுக்குப் போன் செய்வாள். போன் இவர் கைக்கு வந்தால், "நல்லா இருக்கேன் பாபுஜி, நீங்க?" என்பாள். அதற்கு மேல் இல்லை. நீங்கள்தான் என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. நீங்கள் இல்லை என்றும் சொன்னதில்லை.

படித்துறையில் சிதை எரிந்தபோதே சிவமூரத் சாவுக்கு அழுகை வரவில்லை. "அழுதுடு குரு, உள்ள வச்சுக்காதே" என்று ஜட்டாசங்கர் தோளை உலுக்கினார். உள்ளே எதையும் வைத்துக்கொண்டிருப்பதாக அவருக்குத் தெரியவில்லை. மறுவாரம் கடையைத் திறந்தார். மாடியைச் சுற்றி ஆள் உயரத்துக்கு இரும்புக் கிராதி போட்டார். அவர் பாங் குடிப்பது நின்றது. விட்டேன் என்று சபதம் ஏதும் இல்லை, எடுக்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். மனைவி சந்திராவதி சோற்றில் உப்புப் போட மறந்த நாளிலும் தட்டைக் காலி பண்ணிவிட்டு எழுந்தார். மழை வந்தது, கங்கை ஏறியது, இறங்கியது, படித்துறையில் சேறு அள்ளினார்கள். எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பது போலத்தான் இருந்தது அவருக்கு. ஒன்றே ஒன்று மட்டும் பல்லிடுக்கில் மாட்டிய நார் போல உறுத்திக்கொண்டிருந்தது. விபா என்ன நினைக்கிறாள்?

மூன்று வருஷம் கழித்து ஒரு கோடை மத்தியானம். சந்தில் ஈ, காக்கை இல்லை. விபா கையில் ஒரு பையோடு நேரே கடைக்கு வந்தாள். வீட்டுக்குப் போகவில்லை. இளைத்திருந்தாள். காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, திரைக்குப் பின்னால் இருந்த உள்ளறையில் போய் உட்கார்ந்தாள்.

"அம்மாவுக்குத் தெரியுமா நீ வந்தது?"

"தெரியாது. பாபுஜி, ஒரு குவளை குடுங்க."

"தண்ணியா?"

"அன்னிக்கு அவருக்கு என்ன குடுத்தீங்களோ, அதையே குடுங்க. அதே அளவு. கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்."

அவர் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார்.

"மாமியார் மூணு வருஷமா தினமும் சொல்றாங்க, உங்கப்பன் கைதான்னு. நான் ஆமான்னும் சொல்றதில்ல, இல்லைன்னும் சொல்றதில்ல. வாய மூடிட்டு ரொட்டி போடறேன். எனக்குத் தெரியணும் பாபுஜி. அது உள்ள போனா என்ன பண்ணும்னு தெரியணும்."

பெண்ணுக்குப் பாங் அரைத்துக் கொடுக்கிற அப்பன் எங்கள் ஊரிலும் அபூர்வம்தான். சிவராத்திரிக்குப் பிரசாதம் என்று ஒரு வாய் கொடுப்பார்கள், அத்தோடு சரி. ஆனால் மறுக்க அவருக்கு வழி இருக்கவில்லை. மறுத்தால் அதுவே ஒரு பதிலாகிவிடும்.

"சாப்பிட்டியா?"

"ஸ்டேஷன்ல சாப்பிட்டேன்."

"உடம்புக்கு எதாவது மருந்து மாத்திரை எடுக்கறியா?"

"இல்ல."

"இன்னிக்கு ராத்திரி இங்கதான் இருக்கணும். தனியா எங்கயும் போகக் கூடாது. மாடிப் பக்கம் போகக் கூடாது." சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. அவள் தலையை ஆட்டினாள்.

இலையை அரைத்தார். மிளகளவு உருட்டி அவள் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். அவள் அதை நெடுநேரம் பார்த்தாள். "இத்தனூண்டா?" என்றாள். பாலில் கரைத்துக் கொடுத்ததும் மூச்சுப் பிடித்துக் குடித்தாள். அவர் கடைப் பலகையை இறக்கிப் பாதி மூடிவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

மேலே மின்விசிறி கடகடத்தது. கோர்ட்டில் தீர்ப்புக்குக் காத்திருக்கிறவனுக்குக்கூட நீதிபதி வேற்று ஆள். இங்கே பெற்ற பெண். ஆனாலும் அவருக்குப் படபடப்பு இல்லை. அந்த மரத்த உடம்பில் படபடக்க எதுவும் மிச்சம் இல்லை போலும்.

ஒரு மணி நேரம் ஆகியிருக்கும்.

"ஒண்ணும் ஏறலை பாபுஜி."

"பொறு."

"நிஜமா ஒண்ணுமே இல்ல. இலை பழசா இருக்கும். இன்னொண்ணு குடுங்க."

"குடுக்க மாட்டேன்."

"ஒண்ணும் பண்ணாததுக்கு எதுக்கு இத்தனை பயம்?" என்று அவளே எழுந்து அரைத்த விழுது இருந்த கிண்ணத்தை எடுக்கப் போனாள். சிவமூரத் சாவ் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவள் அவர் கையைப் பார்த்தாள், கிண்ணத்தைப் பார்த்தாள். மெதுவாக உட்கார்ந்தாள்.

"இப்படித்தான் இல்ல?" என்றாள். "இப்படித்தான் இன்னொண்ணு, இன்னொண்ணுன்னு தோணும்."

"இப்படித்தான்மா."

அப்புறம் கொஞ்ச நேரத்தில் அது வந்தது. அவள் முகத் தசைகள் தளர்வதை அவர் கண்டார். அவரையே உற்றுப் பார்த்தவள் திடீரென்று களுக் என்று சிரித்தாள்.

"பாபுஜி, உங்க காதுல முடி. காடு மாதிரி. உள்ள குரங்கு இருக்கும்."

"இருக்கும்."

"வாய் காயுது. பசிக்குது. வேற ஒண்ணும் இல்ல." சிரித்துக்கொண்டே அவர் கொடுத்த மோரைக் குடித்தாள். சிரிப்பு அடங்கி வெகுநேரம் கழித்து, நிதானமாகச் சொன்னாள். "இது யாரையும் கொல்லாது. உங்க குவளை இல்ல பாபுஜி."

இதற்காகத்தான் மூன்று வருஷமாகக் காத்திருந்தார். வந்துவிட்டது. உள்ளே ஏதாவது இளகுகிறதா என்று பார்த்தார். எதுவும் இல்லை.

"பாபுஜி."

"சொல்லு."

"அந்தக் குடத்துல எவ்வளவு போட்டிருந்தீங்க? ஒரு குவளைக்கு?"

"எதுக்கு அது இப்போ?"

அவள் தரையைப் பார்த்தாள். "எல்லாரும் அவரைச் சுத்தி நின்னு கை தட்டினாங்க. அவர் அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்ல. எல்லாரும் குடுக்கறாங்களே, என் கையால ஒண்ணு குடுப்போம்னு குடத்துலேர்ந்து மொண்டு குடுத்தேன். கடைசிக் குவளை என்னோடது. யார்கிட்டயும் சொல்லல. உங்க குவளை எவ்வளவுன்னு பார்த்துட்டேன். என் குவளை எவ்வளவு?"

சிவமூரத் சாவுக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் அப்பனை நிறுத்துப் பார்க்க வரவில்லை. மாமியார் அப்பனைத் திட்டும்போதெல்லாம் அவள் ரொட்டி போட்டுக்கொண்டு வாயை மூடியிருந்தது எதற்கென்று புரிந்தது. இலந்தைப் பழம் என்ற வார்த்தை நாக்கு நுனியில் நின்றது. கடை போட்ட நாளிலிருந்து யாரிடமும் அவர் அளவு மாற்றிச் சொன்னதில்லை.

"குடத்துல பாங்கே இல்ல," என்றார்.

"என்ன?"

"வீட்டுல பொம்பளைங்களும் பிள்ளைங்களும் எடுப்பாங்கன்னு வெறும் தண்டாயாதான் கலக்கினேன். நீ குடுத்தது பாலும் பாதாமும்."

"அப்போ அவருக்கு எப்படி..."

"என் குவளைல இருந்தது. அவருக்குக் குடுத்தது மிளகளவு இல்ல. புது மாப்பிள்ளை முன்னாடியும் கஞ்சன்னு பேர் வாங்கணுமான்னு பெரிசா உருட்டிப் போட்டேன். இன்னிக்கு உனக்குச் சின்னதா குடுத்து ஏமாத்தினேன். உங்க மாமியார் சொல்றதுதான் சரி."

ஒலிபெருக்கிக் குரலில்தான் இதையும் சொன்னார். அந்தக் குரல் அன்றைக்கு ஒரு உபகாரம் செய்தது, நடுங்கவில்லை. விபா நம்பாமல் அவர் முகத்தில் தேடிக்கொண்டிருந்தாள்.

பாதி மூடிய பலகையை யாரோ தட்டினார்கள்.

"ஏன்டா கஞ்சப் பயலே, வெயில் சாஞ்சாச்சு, இன்னும் கடை திறக்கலை? என் இலந்தைப் பழம் எங்க?" ஜட்டாசங்கர் திவாரி குனிந்து உள்ளே வந்தார். விபாவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். "பிட்டியா! எப்போம்மா வந்தே?"

அவள் எழுந்திருக்கவில்லை. "சாச்சா, நீங்க சொல்லுங்க. அன்னிக்கு ஹோலில எங்க வீட்டுக் குடத்துலேர்ந்து நீங்களும் குடிச்சீங்க. அதுல பாங் இருந்ததா?"

ஜட்டாசங்கர் அன்றைக்கு அந்தக் குடத்திலிருந்து இரண்டு குவளை குடித்தவர். ஒரு குவளையை அவ்னீஷ் கையில் திணித்தவர். அவர் சிவமூரத் சாவைப் பார்த்தார். சிவமூரத் சாவ் அம்மியைத் துடைத்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. கிழவருக்கு என்ன விளங்கியதோ, எவ்வளவு விளங்கியதோ, தெரியாது. தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அந்தக் குடமா? பாலு, பிட்டியா. வெறும் பாலு. ஹோலி அன்னிக்குக்கூட இவன் இப்படிப் பண்ணிட்டானேன்னு இவனை நான் திட்டினேனே."

சொல்லிவிட்டு அங்கே நிற்க முடியாமல் வெளியே போய்ச் சந்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

விபா முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அழுகை முதலில் சத்தமில்லாமல் வந்தது, பிறகு பெரிதாக வந்தது. சிவமூரத் சாவ் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். தொடலாமா என்று தெரியவில்லை. புருஷனைக் கொன்றவனுடைய கை இப்போது. அந்தக் கையைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"நான் இல்ல," என்றாள் அவள் அழுகைக்கு நடுவே.

"நீ இல்லம்மா," என்றார்.